மெக்சிக்கோ மருமகள் வருகிறாள், வன்னிச் சாமானில் அவள் ஊர் இனிப்பு எது செய்யலாம்?

இரணைமடுத்_தண்ணி

எல்லாருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கனடாவில் இருக்கும் அக்காவின் மகன், என் பெறாமகன், போன வருசம் ஒரு மெக்சிக்கோப் பிள்ளையைக் கலியாணம் செய்தவன். இங்கிருந்து ஒருவராலும் கலியாணத்துக்குப் போக முடியவில்லை. இப்போது இரண்டு பேரும் நத்தாருக்கு முந்தின கிழமை வந்து தைப்பொங்கல் முடிந்துதான் திரும்புவார்களாம், தங்குவது கிளிநொச்சியில் எங்கள் வீட்டில். பயத்தம் பணியாரம், அரியதரம், எள்ளுருண்டை எல்லாம் செய்யத்தான் போகிறேன், அதில் கேள்வி இல்லை. ஆனால் வந்து இறங்குகிற பிள்ளைக்கு அவளுடைய ஊர் இனிப்பு ஒன்றாவது என் கையால் செய்து வைக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

யூடியூப்பைத் திறந்தால் மூன்று வகை ரின்பால், கிரீம் சீஸ், ஓவன், மிக்சர் என்றுதான் வருகிறது. என்னிடம் ஓவன் இல்லை. காஸ் அடுப்பு இருக்கிறது, முற்றத்தில் விறகடுப்பு இருக்கிறது, இட்டலிச் சட்டி, அம்மாவின் காலத்துத் தடித்த தாச்சி, கொக்கிஸ் அச்சு, அவ்வளவுதான். சாமான் என்றால் தேங்காய், கச்சான், பழப்புளி, பூசணி, வற்றாளங்கிழங்கு தாராளம். வீட்டில் மாடு நிற்கிறது. ஆட்டுப்பால் சொல்லி வைத்தால் எடுக்கலாம்.

இவற்றை வைத்து, மெக்சிக்கோவில் சனம் உண்மையில் வீட்டிலும் தெருவிலும் சாப்பிடுகிற இனிப்பு எதைச் செய்யலாம்? ஹோட்டல்காரர் புதிதாகக் கண்டுபிடித்தது வேண்டாம். இன்னொன்று, அவர்கள் மிட்டாயிலும் மிளகாய்த்தூள் போடுவார்கள் என்று பெறாமகன் சொல்கிறான், பகிடி விடுகிறானா என்று தெரியவில்லை.

பரந்தன்_சந்தி

அக்கா, குறை நினைக்காதீர்கள். அவ்வளவு தூரம் பறந்து வருகிற பிள்ளை கிளிநொச்சியில் வந்து தன் ஊர் மிட்டாயையா தேடும்? வரும் வழியில் முறிகண்டியில் இறக்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக் கையில் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் புட்டும் எருமைத் தயிரும் சர்க்கரையும் வையுங்கள், அதுவே இனிப்புத்தான். அவளுடைய பலகாரத்தை நீங்கள் செய்தால் மரியாதைக்கு நல்லாயிருக்கு என்று சொல்லுவாள், உள்ளுக்குள் தன் தாயின் கையைத்தான் நினைப்பாள். வெளிநாட்டில் எனக்கு இடியப்பம் அவித்துத் தந்த வெள்ளைக்காரரை நான் எப்படி நினைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

முல்லைக்_கடல்

பரந்தன் அண்ணை சொல்வது முதல் ஒரு கிழமைக்குச் சரி. நாலு கிழமை நிற்கப் போகிறவளுக்கு நடுவில் ஒரு நாள் நாக்கு தன்னுடையதைத் தேடும், அது யாருக்கும் உள்ளதுதான். நான் ரொறொன்ரோவில் ஒரு உணவகச் சமையலறையில் கன காலம் நின்றுவிட்டு ஊர் திரும்பியவன், பக்கத்து அடுப்பில் நின்றவர்களில் பாதிப் பேர் மெக்சிக்கோக்காரர்கள். இனிப்பு என்று கதை தொடங்கினால் அவர்கள் கேக்கைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். பாலைக் காய்ச்சிக் காய்ச்சிக் கறுக்க வைத்தது, புளி மிட்டாய், பாகில் வெந்த பூசணி, இவைதான் வாயில் வரும்.

மிளகாய்த்தூள் விசயத்தில் பெறாமகன் பகிடி விடவில்லை. பழப்புளியைக் கொட்டை நீக்கி, சீனி, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்து உருட்டி, மேலே திரும்பவும் சீனியில் புரட்டி எடுப்பார்கள். சின்னப் பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை தின்பது அது. இதில் வேடிக்கை என்னவென்றால் புளி அவர்கள் மண்ணில் பிறந்ததல்ல, மிளகாய் எங்கள் மண்ணில் பிறந்ததல்ல. 1565 இலிருந்து 1815 வரை ஸ்பானியர்களின் கப்பல் மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையில் ஓடியது, ஆசியச் சாமான் கனக்க அந்த வழியால்தான் மெக்சிக்கோவின் மேற்குக் கரைக்குப் போனது. தென்னையும் அப்படித்தான். கொலிமா என்ற கரையோர மாநிலத்தில் பிலிப்பைன்ஸ் ஆட்கள் பழக்கிவிட்ட தென்னங்கள்ளை இன்றைக்கும் இறக்கி, மேலே கச்சான் தூவித் தெருவில் விற்கிறார்கள். ஆகவே தேங்காய்ப்பூவும் சீனியும் பாலும் சேர்த்துக் கிளறும் கொக்காதா அங்கே மிகவும் சாதாரணம். அதைக் கொடியின் நிறத்தில் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டையாக வெட்டியும் விற்பார்கள். உங்களுக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

கறுவாவையும் சொல்லிவிட வேண்டும். இலங்கைக் கறுவாவை உலகத்திலேயே கூட வாங்குகிற நாடு மெக்சிக்கோ. அவர்களின் பாற்சோறு, சொக்கலேற், பாகு எல்லாவற்றிலும் மணக்கிறது எங்கள் தெற்குப் பக்கத்துக் கறுவாதான். கடையில் வாங்கும்போது கையில் உடைகிற, தாள் தாளாகச் சுருண்ட பட்டையைக் கேட்டு வாங்குங்கள். தடித்த மரம் மாதிரியான பட்டை வேறு சாதி, அது போட்டால் அந்தப் பிள்ளைக்கு உடனே தெரியும். போகும்போது ஒரு கிலோ கட்டிக் கொடுத்துவிடுங்கள், தாய் சந்தோசப்படுவா.

அப்புறம் உங்கள் கொக்கிஸ் அச்சு. அதே மாதிரி அச்சைத்தான் அவர்களும் நத்தாருக்கு வெளியே எடுக்கிறார்கள், புன்யுவேலோ என்று பெயர். மா மட்டும் வேறு. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் இல்லை, ஒரு கப் கோதுமை மா, ஒரு கப் பசுப்பால், இரண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி சீனி, உப்பு ஒரு சிட்டிகை, கட்டியில்லாமல் அடிக்க வேண்டும். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவிட்டு, மாவில் விளிம்பு மூடாமல் தோய்த்து எடுங்கள். மூடினால் கழராது, இது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொரிந்ததும் சூட்டோடு சீனியும் கறுவாத்தூளும் கலந்து தூவுங்கள். நீங்கள் சொன்ன நாட்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. கையால் அப்பளம் போல மெல்லிசாக இழுத்துப் பொரிக்கிற வகையும் உண்டு, அதை முழங்காலில் துணி போட்டு இழுப்பார்கள், அதற்குப் பழக்கம் வேண்டும், விட்டுவிடுங்கள்.

ஆனால் ஆட்டுப்பால் எடுக்கலாம் என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு விசயம் இருக்கிறது. கஹேத்தா என்று ஒன்று. குவானஹுவாத்தோ மாநிலத்தில் செலாயா என்ற ஊர் அதற்குப் பேர் போனது. ஆட்டுப்பாலையும் சீனியையும் செப்புத் தாச்சியில் போட்டு, தேன் பதத்துக்குக் கறுக்கும் வரை கிண்டுவதுதான். இரண்டு லீற்றர் பாலுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனி, கறுவா ஒரு துண்டு. பால் கொதித்துச் சீனி கரைந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். புசுபுசு என்று பொங்கும், அதனால் பெரிய பாத்திரம். பொங்கல் அடங்கியதும் திரும்ப அடுப்பில் வைத்து நடுத்தர நெருப்பில் கிண்டுங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கடைசி இருபது நிமிடம் போன் எடுக்கக் கூடாது, கதவைத் தட்டினாலும் போகக் கூடாது. அகப்பையை இழுத்தால் தாச்சியின் அடி தெரிய வேண்டும், அப்போது இறக்குங்கள், ஆறினால் இன்னும் இறுகும். சோடா எதற்கென்றால், பால் வற்ற வற்ற அதன் புளிப்பும் கூடும், சோடா அதை அடக்காவிட்டால் பால் திரைந்துவிடும். அந்தக் கபில நிறமும் சோடாவால்தான் கெதியாக வருகிறது.

மூன்று பால் கேக் அங்கே பிறந்தநாளுக்கு வெட்டுவார்கள், உண்மைதான், ஆனால் அதை நிக்கராகுவாக்காரர் தங்களுடையது என்று சண்டைக்கு வருவார்கள், உங்களிடம் ஓவனும் இல்லை. மாவை நீளமாகப் பிழிந்து பொரிக்கிற சுரோஸ் ஸ்பெயினிலிருந்து வந்தது. ஃபிளான் செய்யலாம், வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு வேலையே இல்லை, அடியில் சீனியைக் கருக்கி ஊற்றிவிட்டு முட்டையும் பாலும் ரின்பாலும் கலந்து இட்டலிச் சட்டியில் அவித்தால் சரி. அதுவும் ஸ்பெயின் சரக்குத்தான், ஆனால் மெக்சிக்கோவில் அது இல்லாத வீடு இல்லை.

முதலில் அந்தப் பிள்ளை எந்த ஊர் என்று கேட்டுச் சொல்லுங்கள். மெக்சிக்கோ பெரிய நாடு, ஊருக்கு ஊர் இனிப்பு மாறும். புவெப்லாக்காரி என்றால் வற்றாளங்கிழங்கு, மொரேலியா என்றால் கொய்யாப்பழத்தைச் சீனியோடு காய்ச்சி இறுக்கி வெட்டுகிறது, சமோரா என்றால் பாலைத் திரைய வைத்துப் பாகில் போடுகிறது.

பனங்காமத்தான்

முல்லைக்கடல் அண்ணை எல்லாவற்றிலும் சீனி சீனி என்கிறார். மெக்சிக்கோவில் பிலோன்சியோ என்று கூம்பு வடிவில் ஒரு கட்டி விற்பார்கள், கடும் மண்நிறம், பாகு காய்ச்சுவது அதில்தான். நாங்கள் எதற்குச் சீனியைத் தேட வேண்டும், பனங்கட்டி இருக்கிறதே. பூசணியை அதில் போட்டு அவர்கள் செய்கிற ஒன்று இருக்கிறது, தோலோடு பெரிய துண்டாக வெட்டி, கட்டியும் கறுவாவும் கராம்பும் போட்டு, பாகு வற்றிப் பூசணிக்குள் இறங்கும் வரை மெல்லிய நெருப்பில் விடுகிறது. சாப்பிடும்போது மேலே குளிர்ந்த பால் ஊற்றுவார்கள். செத்த ஆட்களுக்குப் படைக்கிற நவம்பர் 2 ஆம் திகதிக்கு அதுதான் முக்கியம். சிலர் பூசணியை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், வெளிப்பக்கம் கரையாமல் உறுதியாக நிற்கும். சுண்ணாம்பும் இருக்கிறது, பூசணியும் இருக்கிறது, பனங்கட்டியும் இருக்கிறது. இதைவிட வன்னிக்குப் பொருந்துகிற மெக்சிக்கோ இனிப்பு வேறு எது? ஆட்டுப்பாலுக்கு அலைய வேண்டிய தேவை என்ன?

முல்லைக்_கடல்

தம்பி, பூசணி நல்ல யோசனை, நான் மறுக்கவில்லை. பனங்கட்டியில்தான் எனக்கு உடன்பாடில்லை. பிலோன்சியோ கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றுகிறது. பனங்கட்டிக்குத் தனி மணம், முட்டியில் பூசுகிற சுண்ணாம்பின் சுவையும் கொஞ்சம் பின்னுக்கு வரும். எங்களுக்கு அதுதான் ருசி, அந்தப் பிள்ளைக்கு அது பனங்கட்டிப் பூசணி, நல்ல இனிப்பு, ஆனால் அவள் ஊர் இனிப்பு இல்லை. அக்கா கேட்டது அவள் ஊர் இனிப்பை. கடையில் கரும்புச் சர்க்கரை கேட்டு வாங்கினால் அப்படியே பொருந்தும். அதோடு மார்கழியில் நல்ல பனங்கட்டி எங்கே எடுக்கப் போகிறீர்கள், போன பருவத்துப் பழைய சரக்குத்தான் கிடக்கும், மாரியில் அதுவும் கசிந்து போய் இருக்கும்.

பாலுக்குள் மட்டும் சர்க்கரையோ பனங்கட்டியோ எதுவும் போடாதீர்கள் அக்கா, அதன் புளிப்பில் பால் திரையும். கஹேத்தாவுக்கு வெள்ளைச் சீனிதான்.

பனங்காமத்தான்

அவள் நாலு கிழமை வன்னியில் நிற்கிறாள், பனங்கட்டி மணம் பிடிக்காமலா போகப் போகிறது. நான் என் வீட்டில் அப்படித்தான் செய்வேன். சரி, நீங்கள் சொல்லுங்கள், அக்கா தீர்மானிக்கட்டும்.

மல்லாவி_ஆட்டுப்பட்டி

ஆட்டுப்பால் என்ற சொல்லைக் கண்டு வந்தேன். நாங்கள் ஆடு வளர்க்கிற ஆட்கள், எழுதுகிறவர்கள் எல்லாரும் இரண்டு லீற்றர் என்று லேசாகச் சொல்கிறீர்கள். ஊராடு ஒன்றில் குட்டி குடித்தது போக ஒரு நேரத்துக்கு ஒரு கப் வந்தாலே பெரிய விசயம். ஜமுனாபாரிக் கலப்பு நிற்கிற பட்டியாகப் பார்த்துச் சொல்லி வையுங்கள், அதில்தான் கேட்கிற அளவு கிடைக்கும், அதுவும் இரண்டு மூன்று ஆட்டுப் பாலைச் சேர்க்க வேண்டி வரும். குட்டி போட்டு ஒரு மாதம் தாண்டிய ஆடாக இருந்தால் நல்லது, போட்ட கையோடு கறக்கிற சீம்பால் இதற்கு உதவாது, நெருப்பில் வைத்ததும் கட்டியாகிவிடும்.

ஆட்டுப்பால் மணக்கும் என்று சனம் சொல்வது பாதி கிடாயின் வேலை. கிடாயோடு கட்டி வைத்த ஆட்டில் கறந்தால் அந்த மொச்சை பாலில் ஏறும். கிடாயைத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள், மடியைக் கழுவித் துடைத்துக் கறக்கச் சொல்லுங்கள், கறந்த கையோடு காய்ச்சி ஆறவிட்டுப் பிரிட்ஜில் வைத்துச் சேர்க்கலாம். மார்கழி மழைக்குப் பட்டி சேறாகக் கிடக்கும், ஆடு நனைந்தால் பாலும் குறையும். ஆகவே கடைசி நேரத்தில் ஓடாமல் இப்போதே சொல்லி வையுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். பால் முழுவதும் ஆட்டுப்பாலாகத்தான் இருக்க வேண்டுமா? பாதிக்குப் பாதி மாட்டுப்பால் சேர்த்தால் என்ன? ரின்பாலை ரின்னோடு தண்ணீரில் போட்டு அவித்தால் இதே பாகு வருகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், அப்படியென்றால் எதற்கு இவ்வளவு பாடு?

முல்லைக்_கடல்

பாதிக்குப் பாதி தாராளமாகச் சேர்க்கலாம், அங்கேயும் மாட்டுப்பால் கலக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆட்டுப்பாலே இல்லாவிட்டால் அது வேறு சாமான், லத்தீன் அமெரிக்கா முழுக்கச் செய்கிற பாற்பாகு. நாக்கின் ஓரத்தில் ஒரு சின்ன உறைப்பு வரும் பாருங்கள், இனிப்பைத் திகட்டாமல் நிறுத்துகிறது அது, அதை மாட்டுப்பால் தராது.

ரின்னை அவிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. தண்ணீர் வற்றி ரின் வெளியே தெரிந்தால் வெடிக்கும், கொதிக்கிற பாகு முகத்தில் அடிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நினைக்கவே வேண்டாம்.

புதுக்குடியிருப்புப்_போறணை

நான் வெதுப்பகம் நடத்துகிறவன். ஓவன் இல்லை என்று அக்கா ஒரு பக்கத்தை அப்படியே மூடிவிட்டா, அதைக் கொஞ்சம் திறக்கிறேன். அவர்கள் ஜனவரி 6 ஆம் திகதி இங்கேதானே நிற்பார்கள்? அன்றைக்கு மூவிராசாக்கள் திருநாள், மெக்சிக்கோவில் அன்று ரோஸ்கா என்று வளையமாக ஒரு இனிப்புப் பாண் வெட்டாமல் நாள் போகாது. மேலே நிறம் நிறமான பழப்பாகுத் துண்டும், சீனியும் மாவும் பட்டரும் பிசைந்த பட்டையும் வைத்திருப்பார்கள். உள்ளே சின்னக் குழந்தைப் பொம்மை ஒன்று ஒளித்திருக்கும், குழந்தை யேசு. ஒவ்வொருவரும் தன் துண்டைத் தானே வெட்ட வேண்டும், யாருடைய துண்டில் பொம்மை வருகிறதோ அவர் பெப்ரவரி 2 ஆம் திகதி எல்லாருக்கும் தமாலே செய்து கொடுக்க வேண்டும், சோள மாவைச் சோளப்பொத்தி மடலில் சுற்றி அவிக்கிறது அது. ஒருவரும் வெட்டப் போகாமல் கத்தியை அடுத்தவரிடம் தள்ளுவார்கள் என்று அங்கே போய் வந்த ஒரு சாமியார் சொல்லிச் சிரித்தார்.

இதன் மா ஒன்றும் புதிதல்ல, எங்கள் பணிஸ் மாவை இன்னும் பணக்காரத்தனமாகக் குழைக்கிறது. அரைக் கிலோ கோதுமை மாவுக்கு நூறு கிராம் சீனி, மூன்று முட்டை, நூற்றைம்பது கிராம் பட்டர், பத்துக் கிராம் ஈஸ்ட், பிசைய அளவாகப் பால், தோடம்பழத் தோல் சீவியது. மாஜரின் போட்டால் வேலைக்கு ஆகும், ருசிக்கு ஆகாது. இரண்டு தரம் பொங்கவிட வேண்டும், மாரியில் வீடு குளிர்ந்திருக்கும், ஆகவே நேரம் கூட எடுக்கும், அவசரப்படுத்தினால் கல்லாகும். மேலே வைக்க அவர்கள் முந்தி ஒரு சாதிக் கள்ளிச் செடியைச் சீனியில் காய்ச்சி வைத்தார்கள், அந்தக் கள்ளி அழிந்து வருவதால் இப்போது அதை எடுக்கத் தடை, வேறு பழப்பாகு வைக்கிறார்கள். நாங்கள் கேக்குக்குப் போடுகிற பூசணித் தோசியை, அதாவது சீனிப்பாகில் காய்ச்சின பூசணியை, நீட்டாக வெட்டி வைக்கலாம். பொம்மையை மட்டும் மாவுக்குள் வைத்துச் சுடாதீர்கள், கடையில் விற்கிற பிளாஸ்ரிக் உருகும். சுட்டு ஆறினதும் அடிப்பக்கத்தால் கீறிச் செருகிவிடலாம்.

அக்கா மாவைக் குழைத்துக் கொண்டு வந்தால் எந்த வெதுப்பகத்திலும் ஒரு தட்டுக்கு இடம் தருவார்கள், காலைப் பாண் இறங்கின பிறகு போறணையில் நல்ல சூடு மிச்சம் இருக்கும். கிளிநொச்சியில் கேட்டுப் பாருங்கள்.

பான் தெ முவெர்த்தோ, மேலே எலும்பு வடிவில் மாவை உருட்டி வைத்துச் சுடுகிற பாண், அதைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு யாரும் இப்போது செய்யச் சொல்ல வேண்டாம். அது நவம்பர் 1, 2 ஆம் திகதிக்கு, செத்தவர்களின் படத்துக்கு முன்னால் அவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டோடு வைக்கிறது. நத்தாருக்கு அதைக் கொண்டுபோய் வைத்தால் திவசச் சாப்பாட்டைக் கலியாண வீட்டில் பரிமாறின கதைதான்.

பரந்தன்_சந்தி

நான் சொன்னதில் நிற்கிறேன், ஆனால் அந்தக் கத்தி தள்ளுகிற விளையாட்டு நல்லாயிருக்கிறது. தமாலே செய்ய வேண்டி வந்தால் சோளத்துக்கு எங்கே போவது? அவர்கள் தையிலேயே திரும்பிவிடுவார்கள், பொம்மை அக்காவின் துண்டில் வந்தால் கடன் யார் தலையில்?

இரணைமடுத்_தண்ணி

எல்லாருக்கும் நன்றி. இரவு பெறாமகனுக்கு எடுத்துக் கேட்டேன், அவளுக்குச் சொல்லாமல்தான் கேட்கச் சொன்னேன். லெயோன் என்ற நகரமாம். எந்த மாநிலம் என்று கேட்டால் குவானஹுவாத்தோ என்கிறான். முல்லைக்கடல் தம்பி சொன்ன அதே பெயர். ஆட்டுப்பால் இனிப்பைப் பற்றி மெல்லமாகக் கேட்டேன், கனடாவில் அவள் அதைத் தேடி வாங்கிப் போத்தலோடு கரண்டியால் தின்பாளாம், இவன் ஒரு நாள் ஒளித்து வைத்துச் சண்டை வந்ததாம்.

ஆகவே கஹேத்தா உறுதி. ஆட்டுக்கு விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டில் சொல்லியாயிற்று, ஜமுனாபாரிக் கலப்புத்தான், கிடாயைத் தள்ளிக் கட்டவும் சொன்னேன், அந்த அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். புன்யுவேலோவும் செய்கிறேன், கொக்கிஸ் அச்சு சும்மா தொங்குகிறது. பூசணியைப் பனங்காமத்துத் தம்பிக்காக ஒரு பாதி பனங்கட்டியிலும் ஒரு பாதி சர்க்கரையிலும் வைத்துப் பார்க்கிறேன். ரோஸ்காவுக்கு வெதுப்பகத்தில் கதைக்க வேண்டும், அது மகளின் பொறுப்பு.

கேட்க வேண்டியது, செப்புத் தாச்சி இல்லை, இரும்புத் தாச்சி பாவிக்கலாமா? முன்கூட்டியே காய்ச்சி வைத்தால் எத்தனை நாளைக்கு நிற்கும்? எதோடு கொடுக்கிறது, சும்மா கரண்டியோடா? புளி உருண்டையும் கொஞ்சம் செய்யலாம் என்று இருக்கிறேன், அதற்குத் தூள் எது?

முல்லைக்_கடல்

லெயோன்காரி என்றால் செலாயாவும் அவளுடைய மாநிலம்தான் அக்கா, வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

இரும்பு வேண்டாம், நிறமும் ருசியும் மாறும். அடி தடித்த எவர்சில்வர்ப் பாத்திரம் இருந்தால் அதுதான் நல்லது, அடி மெல்லியது என்றால் பிடிக்கும். அகப்பை மரமாக இருக்கட்டும். கறுவாத் துண்டை இறக்கும்போது எடுத்துவிடுங்கள், ஒரு வடியால் வடித்தால் பளபளப்பாக வரும். கண்ணாடிப் போத்தலை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, பாகு இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஊற்றி, முழுக்க ஆறின பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பிரிட்ஜில் ஒரு மாதம் பயமில்லை. இறுகிப் போனால் போத்தலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். அவர்கள் வருவதற்கு ஒரு கிழமை முன்னம் காய்ச்சினால் சரி.

அங்கே இதை இரண்டு மெல்லிய அப்பத்துக்கு நடுவில் பூசிக் கொடுப்பார்கள், கோயிலில் நற்கருணைக்குக் கொடுக்கிற மாதிரி வெள்ளை அப்பம். அது கிடைக்காவிட்டால் மாரி பிஸ்கட் வையுங்கள், மாரி பிஸ்கட் மெக்சிக்கோவிலும் எல்லா வீட்டிலும் கிடக்கிற சாமான். புன்யுவேலோவின் மேல் ஊற்றினாலும் நன்றாக இருக்கும். வற்றாளங்கிழங்கு இனிப்பைத்தான் இந்தத் தடவை விட்டுவிடுங்கள், அவித்து மசித்துச் சீனியில் கிண்டி உருட்டினாலும் வெயிலில் காய வேண்டும், மார்கழியில் அது நடக்காது. பங்குனியில் ஆசைக்குச் செய்து பாருங்கள்.

மல்லாவி_ஆட்டுப்பட்டி

அக்கா, விசுவமடுவில் பால் போதாமல் போனால் இங்கே எழுதுங்கள், மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கு வருகிற ஆள் கையில் கொடுத்துவிடலாம், காய்ச்சித்தான் தருவேன். பொங்கலுக்கு முன்னம் என்றால் எனக்கு இரண்டு நாள் முந்தியே தெரிய வேண்டும்.

முல்லைக்_கடல்

தூளுக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். புளி உருண்டைக்குத் தனி மிளகாய்த்தூள் அக்கா, செத்தல் மிளகாயை வெறுமனே வறுத்து இடித்தது. வீட்டுக் கறித்தூளைக் கை மறந்து போட்டுவிடாதீர்கள், கொத்தமல்லியும் பெருஞ்சீரகமும் மணந்தால் அது மிட்டாய் இல்லை, புளிக்குழம்பு. புளி பழசாகக் கறுத்தது வேண்டாம், இந்த வருசப் புளி எடுங்கள், மழை ஈரத்தில் உருண்டை கசியும், சீனியில் புரட்டினதும் எண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி ரின்னில் போட்டு மூடிவிடுங்கள்.